பூட்டுக்கு வந்த சந்தேகம்

பெட்டிக்குள் இருந்த கையால் தைத்த ஒட்டுப்போர்வைமேல் பூட்டுக்கு எப்போதும் ஒரு கண். வீட்டில் குழந்தை பிறக்கும்போதெல்லாம் போர்வை வெளியே போகும். திரும்பும்போது உடம்பில் புதிதாக ஒரு துணித்துண்டு ஒட்டியிருக்கும்.

"இது யாருடையது?" என்று பூட்டு அதட்டும்.

"கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்."

"பிடிபட்ட திருடனெல்லாம் இதைத்தான் சொல்கிறான்."

இந்த முறை பெட்டியிலிருந்த பட்டுச்சேலையும் கூடவே போனது. போர்வை மட்டும் திரும்பி வந்தது, நடுவில் சிவப்பாக ஒரு பட்டுத்துண்டோடு.

"அடப்பாவி! என் காவலில் இருந்த சேலையையே விழுங்கிவிட்டாயா?" என்று பூட்டு அலறியது.

பட்டுத்துண்டுதான் பதில் சொன்னது: "கத்தாதே அண்ணே. உன் காவலில் இருபது வருஷம் மடித்த மடிப்பிலேயே இற்றுப்போனேன். நேற்றுத்தான் என்மேல் ஒரு குழந்தை எச்சில் வடித்தது."