காலியாக விட்ட மூன்று மீட்டர்

"கிழக்குப் பக்கம் ஒண்ணும் வேண்டாம். ஒரு புல்லு கூட" என்றார் நிஹெய்.

சவாகோ விரித்து வைத்த தோட்ட வரைபடத்தில் அவர் விரல், பக்கத்து வீட்டை ஒட்டி மேலிருந்து கீழ்வரை கோடு இழுத்துக்கொண்டு போனது. மூன்று மீட்டர் அகலம்.

"ஐயா, அங்கதான் வெயில் நல்லா விழுது. உட்கார்ற மேடை, லைலாக், ரோஜா எல்லாமே அங்கதான் போட்டிருக்கேன்."

"தூக்கி மேற்கால வை."

"மேற்கால உங்க வீட்டு நிழல்தான், வெயிலே இல்லையே!"

"வெயில்ல காயறதுக்கு நான் என்ன கருவாடா?"

சவாகோ ஒன்பது வருடமாக, பனி கொட்டும் அசஹிகவா நகரத்தில் வீட்டுத் தோட்டங்கள் அமைக்கிறாள். மைனஸ் இருபத்தைந்து டிகிரியைத் தாங்குகிற தோட்டம் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மண் உறைந்து பொங்கினாலும் கல் அசையாதபடி, ஆழத் தோண்டி ஜல்லி கொட்டித்தான் நடைபாதை போடுவாள். குளிர்காலத்தைப் பற்றி அவளிடம் யாரும் வாதாடுவதில்லை.

"சரி, ஒரு வேலியாவது?"

"அந்தப் பக்கம் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது."

"பக்கத்து வீட்டோட ஏதாவது தகராறா ஐயா?"

"நீ தோட்டம் போட வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?"

நிஹெய் இருபத்தெட்டு வருடம் பனி வாரும் வண்டி ஓட்டியவர். மனைவி போனபின் தனிக்கட்டை. வாய் மட்டும் இன்னும் அந்த வண்டி மாதிரியே முன்னால் வருவதையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும்.

பக்கத்து வீட்டில் ஹோசகா என்று ஒரு நர்ஸ், பள்ளிக்கூடம் போகும் மகளோடு இருந்தாள். வேலை நடந்த நாட்களில் சவாகோ கவனித்தாள். நிஹெயைக் கண்டாலே ஹோசகா இரண்டு தடவை குனிந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவாள். இவரும் "ம்" என்பதோடு சரி.

பாவம், என்ன பாடு படுத்தினாரோ மனுஷன். அவள் வீட்டுப் பக்கம் ஒரு பூ கூடப் பூக்கக் கூடாதாம். இப்படியும் ஒரு வன்மமா?

வேலையை விட்டுவிடலாமா என்று கூட நினைத்தாள். மனசு வரவில்லை. அக்டோபரில் எல்லாம் முடிந்தது. மேற்குப் பக்கம் கூரை போட்ட மேடை, நடுவில் இரும்பு அடுப்பு, வழுக்காத கல் படிகள், பனிப் பாரத்தில் முறியாதபடி வைக்கோல் கயிற்றால் சேர்த்துக் கட்டிய செடிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கிழக்குப் பக்கம் மட்டும், சிரிக்கிற வாயில் முன்பல் போன மாதிரி.

தன் வேலைகளின் புகைப்பட ஆல்பத்தில் இந்தத் தோட்டத்தை அவள் சேர்க்கவில்லை.

பிப்ரவரியில் கற்கள் எழும்பியிருக்கின்றனவா என்று பார்க்க வந்தாள். ஒன்று கூட அசையவில்லை.

"பரவாயில்ல, வேலை தெரிஞ்ச பொண்ணுதான் நீ" என்று நிஹெய் அவளை மேடையில் உட்கார வைத்து, அடுப்பில் உருளைக்கிழங்கு சுட்டு, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். சுற்றிலும் இடுப்பளவு பனி. அடுப்பின் சூடு முகத்தில் இதமாக அடித்தது.

முதல் வாய் வைத்திருப்பாள். தடதடவென்று ஒரு சத்தம். அப்புறம் தொம்மென்று நிலம் அதிர்ந்தது.

ஹோசகா வீட்டுத் தகரக் கூரையிலிருந்த பனி மொத்தமும் சரிந்து வந்து, காலியாக விட்ட அந்த மூன்று மீட்டரில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பக்கத்துக் கூரையைக் கணக்கில் எடுக்காமல் சவாகோ முதலில் நினைத்தபடி செய்திருந்தால் மேடை, செடி, வேலி எல்லாமே அதன் அடியில் போயிருக்கும்.

அடுத்த நிமிஷமே ஹோசகா கோட்டைக் கூடப் போடாமல் ஓடி வந்தாள். நேராக சவாகோவிடம் வந்து குனிந்தாள்.

"நீங்கதானே தோட்டம் போட்டவங்க? உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க."

"எனக்கா? எதுக்கு?"

"வருஷா வருஷம் எங்க கூரைப் பனி விழுந்து இவர் தோட்டத்துல ஏதாவது உடையும். போன வருஷம் வேலி. அதுக்கு முந்தி, இவர் வீட்டம்மா ஆசையா வெச்ச மேப்பிள் மரம். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். அதனாலயே அவர் முகத்துல முழிக்க முடியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு போவேன். கூரைய மாத்தவும் கையில காசில்ல, வீட்ட வித்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

சவாகோ கையில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"அக்டோபர்ல ஐயாவே வந்து சொன்னாருங்க. 'செடி வேர் உறையாம இருக்க மேல பனியப் போர்வை மாதிரி போர்த்தணும், என் வீட்டுப் பனி மட்டும் பத்தாது, உன் வீட்டுக் கூரைப் பனியும் வேணும்னு டிசைனரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டா. அது வந்து விழறதுக்குன்னே இடத்தக் காலியா விட்டிருக்கா. தயவுசெஞ்சு கூரைய மட்டும் மாத்திடாதே'ன்னு. நிஜமாவாங்க? எங்க பனி உங்களுக்கு உபயோகமா இருக்கா?"

சவாகோ நிஹெயைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வெந்துபோன கிழங்கையே மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆமாங்க" என்றாள் சவாகோ. "ஆனா இந்த வருஷம் கொஞ்சம் கம்மிதான். அடுத்த வருஷம் இன்னும் தாராளமா விடணும், சொல்லிட்டேன்!"