ஆய்வு நாளில் ஒரு முதுகு

கண்களை மூடிக்கொண்டாள்.

கை தானாகவே முதுகில் இறங்கியது.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைச் சரிவை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அறைக்குள்ளும் வந்துவிட்டது. சுவர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

குப்புறப் படுத்திருந்தவர் சவரிமுத்து. வாழ்நாளெல்லாம் குனிந்து தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டியவர்.

மூலையில் சுகாதாரத் துறை அதிகாரி நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மருந்தில்லாமல், தொட்டும் நீவியும் உடம்பைச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி படித்துவிட்டு அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவள். அந்தப் பெயர் இந்த மலையில் யார் வாயிலும் நுழையவில்லை. கை டாக்டரம்மா என்று வைத்துவிட்டார்கள். வேலை இன்னும் சோதனையில்தான் இருந்தது. அதிகாரி இன்று திருப்தியாகத் திரும்பினால் மற்ற மலை ஊர்களுக்கும் இப்படி ஒருவர் வருவார். இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆய்வு என்றால் மற்ற இடங்களில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இங்கே நர்ஸ் புஷ்பலீலா ஒரு முதுகையே தயார்செய்து வைத்திருந்தாள். எப்போதும் வளைந்து வந்து, நிமிர்ந்து போகிற முதுகு. அதிகாரிக்குக் காட்ட அதைவிடத் தோதானது கிடைக்குமா? நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது.

கை இன்னும் ஆழத்துக்குப் போயிற்று.

தோல். தோலுக்குக் கீழே தசை. அதற்கும் கீழே, மூச்சு ஏறி இறங்கும் ஓர் அமைதி.

அவளுக்கு இந்த இடம் பிடிக்கும். நீ படித்தது நிஜமாகவே வைத்தியமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. உடம்பு சான்றிதழ் பார்ப்பதில்லை.

இடுப்புக்கு மேலே, வழக்கமாக இறுகிக் கிடக்கும் இடம்.

இன்று அது இறுகவில்லை.

வலி வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

அவரை மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். தொப்புளுக்கு மேல் உள்ளங்கையை வைத்தாள். அமுக்கவில்லை. வெறுமனே வைத்தாள்.

துடித்தது.

அகலமாக, நிதானமாக, வயிற்றுக்குள் இன்னொரு இதயம் இருப்பதுபோல.

பனி அறை முழுக்க நிறைந்துவிட்டது என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. கட்டில். அதிகாரி. புஷ்பலீலாவின் கெஞ்சும் முகம்.

"கொஞ்சம் நீவி விடுங்க மேடம். எழும்பிடுவாரு," என்றாள் புஷ்பலீலா, காதோடு.

சவரிமுத்துவும் தலையைத் தூக்கினார். ஆய்வைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. அவரும் கிசுகிசுத்தார்.

"வலி போகலைன்னாலும் நிமிந்து நடந்து காட்டிருவேன் தாயி. நீங்க பயப்படாதீங்க."

இந்த மனிதனை வைத்துத்தான் பிழைக்க வேண்டுமா? நீவ வேண்டாம், திருக வேண்டாம். தொட்டதுபோல் பாவனை செய்தால் போதும். அவர் எழுந்து நடப்பார். வேலை நிலைக்கும். இன்னும் எத்தனையோ முதுகுகளுக்கு ஒரு கை கிடைக்கும்.

அவர் நாலு எட்டு நடப்பதற்குள் வயிற்றுக்குள் வீங்கிக் கிடக்கும் அந்த ரத்தக்குழாய் வெடித்தாலும் வெடிக்கும்.

கையை எடுத்தாள்.

"இதுல எனக்கு வேலை இல்லை சார். உடனே கோயம்புத்தூர் போகணும். ஆம்புலன்ஸ் பிரசவக் கேஸோட கீழே போயிருக்கு. உங்க ஜீப் வேணும்."

அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

"முதுகு வலிக்கு கோயம்புத்தூரா? அப்ப நீங்க இங்க எதுக்கும்மா?"

பக்கத்தில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மேலதிகாரி என்பதெல்லாம் அப்போது நினைவில்லை. சவரிமுத்துவின் வயிற்றின்மேல் அந்தக் கையை வைத்தாள், பூ வைப்பதுபோல.

அவரும் ஒரு காலத்தில் டாக்டர்தான். பல வருடமாக அந்தக் கை கோப்புகளைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

முதலில் எரிச்சலோடுதான் வைத்திருந்தார்.

பிறகு அவர் முகத்திலிருந்து அதிகாரி போய்விட்டார்.

கண்கள் தாமாகவே மூடின. பனி ஜன்னலில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"டிரைவரைக் கூப்பிடுங்க," என்றார், தாழ்ந்த குரலில். "அவரை நடக்க விடாதீங்க. அப்படியே தூக்குங்க."

ஜீப் பின்னிருக்கையில் சவரிமுத்துவைப் படுக்க வைத்தார்கள். அவர் மனைவி ஞானப்பூ தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். புஷ்பலீலா முன்னால் ஏறினாள். வளைவுகளில் மெல்லப் போகச் சொல்லி டிரைவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார் அதிகாரி.

வண்டி பனிக்குள் போயிற்று. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள்.

அதிகாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆய்வறிக்கையைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார்.

"நோயாளிக்கு டாக்டர் வைத்தியம் பார்க்கலைன்னுதான் எழுதணும். மேலே படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நடந்ததை எழுதுங்க சார். அவர் பிழைச்சா போதும்."

சொல்லிவிட்டாள். அழுகை வரும்போல் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் பேனா நகரும் சத்தம் கேட்கவில்லை. கட்டில் ஒருமுறை முனகியது. வராந்தாவில் காத்திருந்த பெண்களின் பேச்சு அடங்கியது.

திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார்.

"அடுத்தது யாரும்மா? உள்ளே வாங்க," என்று கூப்பிட்டார். "டாக்டர் இருக்காங்க."