பலூன் கடைத் துப்பாக்கி

"மொதல்ல மாப்பிள்ளை எடுக்கட்டுங்க. நீங்க சுட்டுத் தள்ளுனதெல்லாம் போதாதா?"

செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது புருஷன் விருத்தாசலத்தின் காதில் ஏறவே இல்லை. பலூன் கடைப் பலகைமேல் கிடந்த மூன்று துப்பாக்கிகளில் ஒன்றை எடுத்து, நடுவில் மடக்கி, குழலை வானத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

மயிலத்தில் பங்குனி உத்திரம். சீனாச் சண்டை ஓய்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தேர் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி பலூன் கடையில்தான் நின்றது. எல்லாருக்கும் ஒரு தடவை துப்பாக்கி பிடித்துப் பார்த்துவிட ஆசை.

விருத்தாசலம் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். ரிட்டையராகித் திண்டிவனத்துக்கு வந்த பிறகும் வாய் மட்டும் பட்டாளத்திலேயே இருந்தது. அந்த வாயால்தான் வினை. போன வருஷம் மகள் அம்சாவின் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. மாப்பிள்ளை ராஜாமணி விழுப்புரத்தில் ஒரு சொசைட்டியில் குமாஸ்தா. "பேனாவுக்கு மேல வெயிட்டா எதையாச்சும் தூக்கியிருக்கீங்களா மாப்ள?" என்று பந்தியில் வைத்துக் கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது.

ராஜாமணி பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன்தான். தலை தீபாவளிக்குக்கூட மாமனார் வீட்டுப் படி ஏறவில்லை. அம்சாவையும் அனுப்பவில்லை. இப்போது அவளுக்கு ஆறாம் மாசம். தலைப்பிரசவத்துக்காவது பெண்ணை அனுப்புவானா என்று செண்பகம் வேண்டாத சாமி இல்லை.

இன்றைக்குக் கோயிலில் இரண்டு ஜோடியும் தற்செயலாக எதிரெதிரே வந்துவிட்டார்கள். "வாங்க அத்தை" என்றான் ராஜாமணி. மாமனார் பக்கம் திரும்பவே இல்லை.

அம்சாதான் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரையும் பலூன் கடைக்கு இழுத்து வந்தாள். வந்த இடத்திலும் அப்பா இப்படி!

"என் துப்பாக்கிக்கு என்னா சார் கொறைச்சல்? மூணும் ஒரே கம்பெனி, ஒண்ணா வாங்குனது" என்றார் கடைக்காரர் கண்ணையன்.

"ஒரே கம்பெனியா இருந்தா? ஒரு வயித்துப் புள்ளைங்க ஒரே மாதிரியா இருக்குதுங்க?" விருத்தாசலம் ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணு எடது பக்கம் இழுக்கும், ஒண்ணு மேல தூக்கும். இந்தக் குழலு இருக்குதே, பேரலு, அது உள்ளாற மயிரிழை கோணினாப் போதும். வாய் ஓரம் தேஞ்சிருந்தாலும் குண்டு வெளிய வர்றப்ப ஒரு பக்கமாத் தள்ளிடும். பட்டாளத்துல கயிறு வுட்டுத் தொடைக்கச் சொன்னா, கோணையா இழுத்து இழுத்தே வாயைத் தேச்சிடுவானுங்க. தொடைச்சே கெடுத்த துப்பாக்கி எவ்ளோ பாத்திருக்கேன்! உங்க கடையில வேற கேடு. மடக்கி வெச்சபடியே எவனாச்சும் விசையை இழுத்திருப்பான். படீர்னு மூடிக்கினு பேரலே வளைஞ்சிடும்."

"ஜல்தி சுடுங்க பெரியவரே! பலூன் காத்து எறங்கிடப் போவுது" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் அசரவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலில் வைத்ததைத் திரும்ப எடுத்தார். கடைசியில் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது எனக்கு" என்றார். இன்னொன்றை மாப்பிள்ளை பக்கம் தள்ளி, "நீங்க இதை எடுத்துக்குங்க" என்றார்.

அம்சாவின் முகம் சுண்டிவிட்டது. நல்லதைப் பொறுக்கித் தான் வைத்துக்கொண்டு கழித்துப்போட்டதை மாப்பிள்ளை தலையில் கட்டுகிறாரே! ராஜாமணிக்கும் அது புரியாமல் இல்லை. காது சிவக்க வாங்கிக்கொண்டான்.

விருத்தாசலம் காலை அகட்டி நின்று, மூச்சைப் பிடித்துக் குறி பார்த்தார். டப்! பலூனுக்கு மேலே துணியில் போய்க் குத்தியது. மறுபடியும் டப். மறுபடியும் துணி. கடைசிவரை ஒரு பலூன்கூட உடையவில்லை.

"இவரை நம்பியா சண்டைக்கு அனுப்புனாங்க?" கூட்டம் சிரித்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

ராஜாமணி தயங்கித் தயங்கித் துப்பாக்கியைத் தூக்கினான். முதல் பலூன் வெடித்தபோது அவனே திடுக்கிட்டான். அடுத்ததும் வெடித்தது. அதற்கடுத்ததும். கூட்டம் கைதட்டியது. அம்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணையன் பரிசு டம்ளரை எடுத்து நீட்டினார்.

டம்ளரோடு திரும்பிய ராஜாமணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன மாமா, பட்டாளத்துக் கை இப்பிடி ஏமாத்திடுச்சி?"

மாமா! செண்பகம் மகளின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வயசாயிடுச்சி மாப்ள. உங்க கை மாதிரி வருமா?" என்றார் விருத்தாசலம். அப்புறம் குரல் இறங்கியது. "அன்னிக்குப் பந்தியில நான் பேசுனது தப்பு. மனசுல வெச்சிக்காதீங்க."

ராஜாமணி டம்ளரை அம்சாவின் கையில் கொடுத்தான். "வுடுங்க மாமா. வளைகாப்பு முடிஞ்சதும் அம்சாவை நானே கூட்டியாந்து வுடறேன். நாலு நாள் தங்கிட்டும் போறேன்."

விழுப்புரம் பஸ் கிளம்பிப் போகும்வரை செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் புருஷனைச் சும்மா விட மனசு வரவில்லை.

"ஊரே பாத்து சிரிக்க, அவ்ளோ நேரம் ஒத்தைக் கண்ணால பாத்துக்கினு நின்னீங்களே. கடைசியில அந்த ஓட்டைத் துப்பாக்கிதான் கெடைச்சுதா?"

"மூணுல எது ரொம்பக் கோணல்னு கண்டுபுடிக்கத்தான் அவ்ளோ நேரம் ஆச்சி" என்றார் விருத்தாசலம். "நேரா இருக்கறதைக் கையில குடுத்தா எனக்குத் தோக்கத் தெரியாதே, செண்பகம்!"