கால் முன்னால்

கீழே டெம்போ வந்து நின்றது.

மூன்றாவது மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

டில்லிபாபுவும் காலி செய்கிறான். எதிர் வீட்டுக்காரன். இந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் மிச்சமிருந்த கடைசி ஆம்பளை.

உள்ளே கட்டிலில் அவள் புருஷன். டாக்டர் கைவிரித்துவிட்டார்.

பிளாக்கைக் கட்டியவர்களுக்குச் சாவு ஞாபகம் வரவில்லை போலும். படிக்கட்டு அவ்வளவு குறுகல். பாடை திரும்பாது. யார் செத்தாலும் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, கால் முன்னால் வர இறக்க வேண்டும். பின்னாலேயே பெண்கள் வாசலிலிருந்து கடைசிப் படி வரை தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள்.

அப்போதெல்லாம் ஒரு சாவென்றால் படி கொள்ளாத கூட்டம். நாற்காலியைப் பிடிக்கப் போட்டி. முன்னால் நின்று அதட்டி இறக்குபவர் அவள் புருஷன்தான்.

இடிக்கப்போகிறார்கள் என்றதும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. கதவையும் ஜன்னலையும்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள், பாவிகள்.

டில்லிபாபு இரண்டு லோடு ஆட்களோடு பீரோவைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"தம்பி, அவரு போற வரைக்கும் இருந்துட்டுப் போயேன்பா."

அவன் பீரோவைக் கீழே வைத்தான்.

சீ, என்ன கேட்டுவிட்டோம்! அவளுக்கே நாக்கு கூசியது.

உள்ளே இருமல். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"டில்லி, நாற்காலிய எடுடா. இப்பவே எறக்கிடு. கீழ் வீடு சும்மாதான கெடக்குது. அங்க இருந்துக்கறேன்."

"வாய மூடுய்யா!" என்று கத்தினாள். பிறகு அழுதாள். வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை.

உட்காரவைத்ததும், நாற்காலியோடு சேர்த்து வேட்டியை அவரே இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

உயிரோடு இருப்பவரைக் கால் முன்னால் இறக்க டில்லிபாபுவுக்கு மனம் வரவில்லை. திருப்பிப் பிடித்தான். படி வளைவில் நாற்காலி மாட்டிக்கொண்டது. சுவர்க் காரை உதிர்ந்தது.

"டேய், எத்தினி பேர எறக்கியிருக்கோம்? கால முன்னால உடுடா."

பழைய அதட்டல்.

நாற்காலி திரும்பியது.

அவள் வீட்டைப் பூட்ட வந்தாள். வாசலில் நிறைகுடம். காலையில் கீழே அடிபம்பில் அவளே அடித்துச் சுமந்து வந்த தண்ணீர்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு குடத்தை இடுப்பில் வைத்தாள். அதன் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். படி முழுக்க உடைசல். ஒவ்வொன்றாகக் காலால் தடவி இறங்கினாள். ஒரு சொட்டு சிந்தக் கூடாது.

"மேல இன்னாடி பண்ற?" கீழிருந்து அவர் குரல்.

"தண்ணி எடுத்தாறேன்."

வளைவில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினாள்.

"குடிக்கத்தான்யா," என்றாள்.