தகாத வார்த்தை

பதினொன்று இருபதுக்கு அம்சாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

எதிர்க் கூண்டில் அவள் புருஷன் எல்லப்பன். கடலோரத்தில் ஓட்டல் கட்ட வேலி போட வந்த காண்டிராக்டர் காசிநாதனைத் துடுப்பால் அடித்தான் என்று வழக்கு.

அடித்தது உண்மை. காசிநாதன் ஏதோ பேசி ஆத்திரமூட்டினார் என்று தெரிந்தால் தண்டனை குறையும். கூட இருந்தவள் அம்சா ஒருத்திதான்.

காலையில் செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எல்லப்பனின் வக்கீல் சிவப்பிரகாசம் சொல்லியிருந்தார். "சதுரங்கப்பட்டினத்துப் பேச்சை பஸ்ஸோட அனுப்பிடும்மா."

"நாக்கு இங்கதான கீது, சார்" என்றாள்.

ஆனாலும் கூண்டில் கைகட்டி நின்றாள். கேட்டதற்கு மட்டும் பதில். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஐயா.

"காசிநாதன் உன் புருஷனிடம் என்ன சொன்னார்?" என்று வக்கீல் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். அந்த வார்த்தைகளெல்லாம் இங்கே வேண்டாம் என்றார். என்ன எழுத வேண்டும் என்று குமாஸ்தாவுக்கு அவரே சொன்னார்.

விசாரணை முடிந்ததும், வழக்கப்படி, அவள் சாட்சியத்தை அவளுக்கே படித்துக் காட்டினார்கள்.

"1978 ஏப்ரல் ஏழாம் தேதி காலை, காசிநாதன் என் கணவரைத் தகாத வார்த்தைகளால் திட்டினார்."

வக்கீலுக்கு மூச்சு வந்தது. இது போதும்.

கைநாட்டு வைக்கக் குமாஸ்தா மையட்டையை நீட்டினார். அம்சா கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டாள்.

"அவுரு திட்டல."

முன் பெஞ்சில் காசிநாதன் மெல்லத் தலையாட்டினார்.

"அப்படியென்றால் காரணமில்லாமல் அடித்தானா?" மாஜிஸ்திரேட்டின் குரல் ஏறியது. "இப்படிச் சொன்னால் உன் புருஷன் உள்ளே போவான். தெரியுமா?"

"தெரியும்."

கட்டியிருந்த கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். காசிநாதனின் நிதானத்தில், காசிநாதனின் தமிழில், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"எல்லப்பன் அவர்களே, போன மாதம் இங்கே புதைத்தீர்களே, உங்கள் குழந்தை, அதைத் தயவுசெய்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் குளிக்க வருகிற இடம். தோண்டுகிற கூலியை நானே கொடுத்துவிடுகிறேன்."

பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள்.

"மரியாதையாத்தான் சொன்னாரு. இத்த இன்னான்னு எழுதுவீங்க?"