கணவாயில் ஒரு வோல்கா

கணவாயின் பாதி ஏற்றத்தில் பழைய வோல்கா கார் கொதித்து நிற்கிறது. ஓஷ் நகர மருத்துவமனைக்கு இன்னும் ஒரு பகல் தூரம் இருக்கிறது. தாலாய்பெக் தன் மனைவியின் குடிதண்ணீர் முழுவதையும் ரேடியேட்டரில் ஊற்றுகிறான். "இறங்குடி. வண்டிக்கு மூச்சு வாங்குது, உச்சி வரைக்கும் நடந்து வா." "எனக்கும்தாங்க வாங்குது. இதயத்தைக் காட்டத்தானே போறோம்?" என்கிறாள் ஜிபார்குல். "வண்டிக்கு அறுபது வயசு. பெரியவங்களுக்கு மரியாதை குடு." சிரித்தபடியே வண்டியைக் கிளப்பிப் போகிறான். கண் கூசும் வெயிலில், பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று அவள் ஏறுகிறாள். உதடுகள் நீலம் பாரிக்கின்றன. உச்சியில் அவன் பானெட்டின் தூசியைத் துடைத்துவிட்டு, இன்ஜினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறான். கீழே சாலையோரக் கல்லில் அவள் மெல்லச் சாய்கிறாள். அவன் ஹாரனை அடிக்கிறான். அவள் எழாததைக் கண்டு, இன்னும் நீளமாக அடிக்கிறான்.