அன்புக்கரசிக்கு ஒரு பைத்தான் புத்தகம்

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல பைத்தான்னு சொல்றாங்களே, அதுக்குப் புத்தகம் இருக்கா? இருக்கறதுலயே சுலபமா, தமிழ்ல, மெல்லிசா ஒண்ணு எடு."

மந்தாரக்குப்பத்தில் புத்தகக்கடை வைத்திருக்கும் திலகவதி நிமிர்ந்து பார்த்தாள். நகரியத்து குவார்ட்டர்ஸ்காரர் கொளஞ்சிநாதன். நிலக்கரி மைன்ஸில் ஆபீசர். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண்.

"யாருக்கு சார்?"

"இதோ, இந்த அன்புக்கரசிக்குத்தான். இவ அப்பன் என் கீழ கான்ட்ராக்ட்ல இருக்கான். ஏதோ நம்மால முடிஞ்ச உதவி."

கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். நாலு பேருக்குத் தெரியாமல் செய்தால் அது என்ன உதவி?

திலகவதி தலையணை பருமனில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்தாள்.

"காலேஜ் பசங்க இதத்தான் சார் வாங்கினு போறாங்க."

"ஐயையோ, அதெல்லாம் இதுங்க மண்டையில ஏறாதும்மா. அரிச்சுவடி மாதிரி ஒண்ணு குடு."

திலகவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கும் உங்க பையனை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன் சார். அவரு பெங்களூர்ல ஐடிலதான இருக்காரு?"

"அவனுக்கு ஏதும்மா நேரம்? அந்தக் கம்பெனியே அவன் தலையிலதான் ஓடுது!"

அன்புக்கரசி நாலைந்து புத்தகங்களைப் புரட்டிவிட்டு, பாடத்துக்குப் பாடம் பயிற்சி கொடுத்திருந்த சின்னப் புத்தகம் ஒன்றை நீட்டினாள்.

"இது போதும் சார்."

கொளஞ்சிநாதன் பணத்தைக் கொடுத்தார். "நல்லா படிச்சு முன்னுக்கு வரணும், என்னா?" என்று உபதேசமும் செய்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனார்.

திலகவதிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பேனாவை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள்.

"அந்தாளு பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காத கண்ணு. நல்லா கத்துக்கினு, அவரு பையன் மாதிரி நீயும் பெங்களூருக்குப் போயிக் காட்டணும்."

"சரிங்கக்கா" என்று சிரித்தாள் அன்புக்கரசி.

அதற்குள் அவளுடைய செல்போன் அடித்தது. கொஞ்சம் தள்ளிப் போய், தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனாலும் திலகவதியின் காதில் விழுந்தது.

"சொல்லுங்கண்ணா... உங்களுக்குப் புக்கு உங்கப்பா வாங்கிட்டாரு. சுலபமாதான் இருக்கு. நேத்து குடுத்த புரோகிராமை எழுதி வையுங்க, சாயந்தரம் வூட்டுக்கு வந்து திருத்தித் தரேன். கோடிங் தெரியலன்னு வேலைய வுட்டு எடுத்துட்டாங்களேன்னு மனசை வுடாதீங்கண்ணா, கத்துக்கிட்டா வேற எடத்துல கெடைக்கும்."